‘யூ ஆல்ரைட்?’ என்று கேட்டால் தலைவலியைச் சொல்லலாமா?

இங்கிலாந்தின் வடபகுதியில் ஓராண்டு முதுகலை படிக்கும் 23 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

பள்ளியிலிருந்தே ஆங்கில வழியில் படித்தவர், ஆங்கிலத் திறனை அளக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வில் 7.5 எடுத்தவர். விரிவுரைகள் முழுதாகப் புரிகின்றன, கட்டுரைகளுக்கு நல்ல மதிப்பெண் வருகிறது. ஆனால் பல்கலைக்கழகக் குடியிருப்பில் நான்கு பேரோடு பகிர்ந்துகொள்ளும் சமையலறைக்குள் நுழைந்தால் பாதிக்கு மேல் பிடிபடுவதில்லை. பக்கத்து அறைத் தோழி தினமும் காலையில் ‘யூ ஆல்ரைட்?’ என்று கேட்க, தன் முகத்தில் ஏதோ கோளாறு தெரிகிறது என்று நினைத்து முதல் வாரம் முழுக்கத் தூக்கமின்மை, தலைவலி எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லியிருக்கிறார். வகுப்புத் தோழர் ஒருவர் ‘ஒருநாள் காபி குடிக்கப் போகணும்’ என்று சொன்னதை நம்பி மறுநாளே எந்தக் கிழமை என்று கேட்டிருக்கிறார், அவர் நெளிந்திருக்கிறார். குடியிருப்பில் ஒருவர் இவருடைய உச்சரிப்பை நடித்துக் காட்டுகிறார், மற்றவர்கள் சிரிக்கிறார்கள், இவரும் சேர்ந்து சிரித்துவிட்டு அறைக்கு வந்து அழுகிறார்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மின்னஞ்சல். மேற்கோள் பட்டியலை முடிக்க நேரம் கிடைக்கவில்லை என்று பேராசிரியருக்குச் சொல்ல நினைத்து, சமையலறையில் தினமும் காதில் விழும் ‘கான்ட் பி ஆர்ஸ்ட்’ என்ற தொடரைப் போட்டு எழுதிவிட்டார். பிறகு அர்த்தம் தெரிந்து பத்து நாளாகத் தூக்கமில்லை. பேராசிரியரிடமிருந்து வந்ததோ ஒரே வரி: ‘ஃபேர் இனஃப், வெள்ளிக்கிழமை அனுப்பினால் போதும், சியர்ஸ்.’ இது கோபமா, கிண்டலா என்று கேட்கிறார். ஆயிரம் மரபுத்தொடர்கள் அடங்கிய புத்தகம் ஒன்றை வாங்கித் தினம் 20 மனப்பாடம் செய்கிறாராம். உச்சரிப்பை மாற்றும் இணைய வகுப்பில் சேரலாமா, தமிழ் பேசும் தோழிகள் இருக்கும் வீட்டுக்கே குடிபோய்விடலாமா என்பவை மற்ற கேள்விகள். கடைசியில் ஒரு வரி: ‘உண்மையிலேயே எனக்கு உடம்பு சரியில்லை என்றால் இங்கே யாரிடம் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை.’

தோழி, கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நீங்கள் எழுதியிருக்கிற விதத்தில் சிரிப்பு வந்தது, இரண்டாம் முறை அந்தக் கடைசி வரி சிரிப்பை நிறுத்திவிட்டது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்த மின்னஞ்சல்

பேராசிரியர் கோபப்படவில்லை. ‘ஃபேர் இனஃப்’ என்றால் ‘சரி, நீ சொல்வது நியாயம்தான்’ என்று பொருள். ‘சியர்ஸ்’ என்பது கோப்பையை உரசிக்கொள்ளும்போது மட்டும் சொல்வது என்று நினைத்திருக்கிறீர்கள், பிரிட்டனில் அது நன்றிக்கும் உண்டு, போய்வருகிறேன் என்பதற்கும் உண்டு, மின்னஞ்சலில் கையெழுத்துக்கு மேலேயும் உட்காரும். சுருக்கமாக எழுதினால் கோபம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். நான் பார்த்தவரை அங்குள்ள பேராசிரியர்கள் கோபப்பட்டால் மின்னஞ்சல் நீளும், மரியாதை கூடும், ‘சற்று வியப்படைந்தேன்’ என்கிற மாதிரி வாக்கியங்கள் தலைகாட்டும். அப்படி ஒன்று வந்தால் பயப்படுங்கள், இதற்கு வேண்டாம்.

ஆனால் அந்தத் தொடரில் உண்மையில் என்ன தப்பு என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் நினைத்திருப்பது பாதிதான். அதற்குள் பின்புறத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல் இருக்கிறது, சரி. ஆனால் பிரிட்டனின் ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம், எந்தக் கெட்ட வார்த்தை எவ்வளவு கெட்டது என்று மக்களிடமே கேட்டு ஒரு தரவரிசை வெளியிட்டிருக்கிறது, அதில் இந்தச் சொல் மிக லேசான வகையில்தான் வருகிறது. உங்களைக் கவிழ்த்தது பொருள். ‘நேரம் கிடைக்கவில்லை’ என்று சொல்வதாக நினைத்து ‘செய்ய மனசே வரவில்லை, சோம்பலாக இருந்தது’ என்று எழுதிவிட்டீர்கள். கொச்சையை நீக்கிவிட்டு அதே இடத்தில் ‘கான்ட் பி பாதர்ட்’ என்று போட்டிருந்தாலும் இதே கதைதான். நீங்கள் தேடியது ‘டிடின்ட் மேனேஜ் டு’, அவ்வளவே.

இதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பாத்திரம் கழுவாமல் போனவர் அந்தத் தொடரைச் சொன்னார், வகுப்புக்குப் போகாதவர் சொன்னார், இரண்டு இடத்திலும் ‘நேரமில்லை’ என்று வைத்தாலும் பொருந்துகிறது. குழந்தைகள் மொழி கற்பதும் இப்படிச் சூழலை வைத்து ஊகித்துத்தான். குழந்தை தப்பாகச் சொன்னால் பக்கத்தில் திருத்த ஆள் இருக்கும், உங்களுக்கு அப்படி ஒருவர் இல்லை, வித்தியாசம் அதுதான்.

மன்னிப்பு கேட்கலாமா? ஒரே ஒரு முறை, இரண்டு வரியில். ‘போன மின்னஞ்சலில் எழுதிய தொடரின் பொருளைத் தவறாகப் புரிந்திருந்தேன், மன்னிக்கவும், நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன்’ என்ற அளவில் போதும். நேரில் பார்க்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னால் இன்னும் நல்லது. மூன்று பத்தி எழுதிவிடாதீர்கள், ஒன்றுமில்லாததை அவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

7.5 பொய் சொல்லவில்லை

‘தேர்வில் எனக்குக் கிடைத்த மதிப்பெண் தற்செயல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. அந்தத் தேர்வு அளப்பது வேறு. அதில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும், உண்மை. ஆனால் அறை அமைதியாக இருக்கும், ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் பேசுவார், கையில் கேள்வித்தாள் இருப்பதால் என்ன வரப்போகிறது என்று பாதி தெரியும். சமையலறையிலோ குழாய் ஓடுகிறது, காற்றுப்போக்கி இரைகிறது, நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், பேச்சில் பாதி நேற்று இரவு நீங்கள் இல்லாத இடத்தில் நடந்ததைப் பற்றியது. பின்னணிச் சத்தம் தாய்மொழிக்காரரை விட இரண்டாம் மொழியில் கேட்பவரை அதிகமாகப் படுத்தும் என்பது மொழி ஆய்வில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம். உங்கள் காதிலும் கோளாறில்லை, படிப்பிலும் கோளாறில்லை.

தமிழ் பேசுகிற உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். புத்தகத்தில் மட்டும் தமிழ் படித்த ஒரு வெளிநாட்டுக்காரர், ‘வந்துவிட்டான் என்று சொன்னார்கள் அல்லவா’ என்பதைப் பிழையில்லாமல் எழுதுவார். அதையே நாம் ‘வந்துட்டான்னு சொன்னாங்கல்ல’ என்று ஒரே மூச்சில் சொன்னால் அவருக்கு அது எந்த மொழி என்றே சந்தேகம் வரும். உங்கள் ஆங்கிலம் இப்போது அந்த மனிதரின் தமிழ் இருக்கிற இடத்தில் இருக்கிறது. ‘டோன்ட் நோ’ தேய்ந்து ‘டனோ’ ஆகிறது, ‘கோயிங் டு’ தேய்ந்து ‘கொன’ ஆகிறது, ‘வாட்டர்’ என்பதில் நடுவிலுள்ள ‘ட’ தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது, யார்க்‌ஷர் பக்கம் போனால் ‘தி’ என்ற குட்டிச் சொல்லை ஏறக்குறைய விழுங்கிவிடுகிறார்கள். இதையெல்லாம் அகராதியில் தேடிப் பயனில்லை, தெரிந்த சொற்களேதான் உருமாறி வருகின்றன. அந்த வட்டாரத்துப் பேச்சுள்ள ஏதாவது ஒரு தொலைக்காட்சித் தொடரை ஆங்கில எழுத்துவரிகளோடு பாருங்கள். தினம் 20 நிமிடம், முதலில் வரி இல்லாமல் ஒரு காட்சி, பிறகு அதே காட்சி வரியோடு. மூன்று வாரத்தில் காது பழக ஆரம்பிக்கும்.

இன்னொன்று, இது வரலாறு. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு சில நூற்றாண்டுகள் அரசவை, நீதிமன்றம், கல்வி எல்லாம் பிரெஞ்சிலும் லத்தீனிலும் நடந்தன, வீடும் வயலும் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தன. அந்தப் பிளவு இன்னும் மொழிக்குள் கிடக்கிறது. ‘போஸ்ட்போன்’, ‘டாலரேட்’, ‘இன்வெஸ்டிகேட்’ போன்ற லத்தீன் வழிச் சொற்களை நாம் பள்ளியில் படித்தோம், சமையலறையில் அவர்கள் ‘புட் ஆஃப்’, ‘புட் அப் வித்’, ‘லுக் இன்டு’ என்கிறார்கள். ஒவ்வொரு சொல்லும் ஒன்றாம் வகுப்பில் படித்ததுதான், சேர்ந்து வந்தால் மட்டும் நமக்கு அன்னியம். புத்தகத்திலிருந்து எதையாவது படித்தே தீருவது என்றால், இந்தச் சின்ன வினைச்சொல் கூட்டணிகளைப் படியுங்கள். அன்றாடப் பேச்சில் பாரம் தூக்குவது இவைதான்.

கேள்வி போல இருக்கும், கேள்வி அல்ல

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பவரைப் பார்த்து ‘என்ன, வெளியே கிளம்பியாச்சா?’ என்று கேட்கிறோம். அவர் கிளம்புவது கண்ணுக்குத் தெரிகிறது. அவரும் ‘ஆமாம், இப்படிக் கொஞ்சம்’ என்று கையைக் காட்டிவிட்டுப் போகிறார். எங்கே, எதற்கு, எப்போது திரும்புவார் என்று யாரும் பட்டியல் கேட்கவில்லை. இப்படி உறவை உயிரோடு வைக்க மட்டுமே பேசும் பேச்சுக்கு மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியல் அறிஞர் 1923-லேயே தனிப் பெயர் வைத்தார். ‘யூ ஆல்ரைட்?’ அந்த ரகம். பதில்: ‘யா, யூ?’ நின்றுகூடச் சொல்ல வேண்டாம், நடந்துகொண்டே சொல்லலாம். அமெரிக்காவில் போய் இதே கேள்வியைக் கேட்டால் அங்கே பலர் ‘எனக்கு என்ன ஆச்சு?’ என்று உங்களைப் போலவேதான் திடுக்கிடுவார்கள், ஆகவே இது நீங்கள் ஒருவர் மட்டும் விழுந்த பள்ளம் இல்லை.

காபி விஷயம் கொஞ்சம் வேறு. ‘ஒருநாள் போகணும்’ என்றவர் பொய் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள், அது தவறான முடிவு. ‘உன்னோடு பேசியது பிடித்தது’ என்பதை அவர் அந்த உருவத்தில் சொன்னார். கிழமையும் நேரமும் இடமும் இருந்தால் அது அழைப்பு, ‘சம்டைம்’ மட்டும் இருந்தால் அது நல்லெண்ணம். எனக்கும் இந்த வழக்கம் பிடிக்காது, வருகிறாயா என்றால் வருகிறேன் என்கிற பேச்சில் வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் வழுக்கும். ஆனாலும் நீங்கள் கிழமை கேட்டதில் தப்பே இல்லை, கேட்ட விதத்தைத்தான் இளக்க வேண்டும். ‘வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் நான் போகிறேன், முடிந்தால் வா’ என்று சொல்லிப் பாருங்கள். வராமல் போகவும் அவருக்கு வழி இருக்க வேண்டும், அந்த வழி இருந்தால் பெரும்பாலும் வந்துவிடுவார்கள்.

என் கதையையும் சொல்கிறேன். நான் அங்கே படிக்கப் போன முதல் மாதம் பக்கத்து வீட்டம்மா மாலை ஐந்தரைக்கு ‘டீ’க்கு வரச் சொன்னார். ஒரு கோப்பைதானே என்று வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். வட இங்கிலாந்தில் பலருக்கு ‘டீ’ என்றால் இரவுச் சாப்பாடு, மதியச் சாப்பாட்டுக்குப் பெயர் ‘டின்னர்’. முழுத் தட்டு வந்தது, இரண்டாவது தட்டும் வந்தது, அன்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் அதைப் பிற்பாடு அந்த அம்மாவிடம் சொல்லிச் சிரித்த பிறகுதான் எங்களுக்குள் பழக்கமே நெருங்கியது.

பேராசிரியர் உங்கள் கட்டுரையில் ‘குவைட் குட்’ என்று எழுதினால் துள்ளிக் குதிக்காதீர்கள். அமெரிக்கர் எழுதினால் ‘மிக நன்று’, பிரிட்டிஷ்காரர் எழுதினால் பெரும்பாலும் ‘பரவாயில்லை’. மாறாக ‘நாட் பேட் அட் ஆல்’ என்றால் அது பாராட்டு, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புத்தகத்தை மூடுங்கள்

ஆயிரம் மரபுத்தொடர் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்வதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை. பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்ற தொடர் இல்லாத புத்தகம் கிடையாது, அதை இயல்பாகச் சொல்லும் இளைஞரைத் தேட வேண்டியிருக்கிறது. உங்கள் சமையலறையில் மழை பெய்தால் ‘சக்கிங் இட் டவுன்’ என்பார்கள். புத்தகம் தொடரையும் பொருளையும் தரும். யார், யாரிடம், எந்தத் தொனியில், எந்த வயதில் சொல்லலாம் என்பதைத் தராது. ‘டேய்’ என்பதற்கு அகராதியில் பொருள் எழுதிவிடலாம், ஆனால் அதை யாரைப் பார்த்துச் சொல்லலாம் என்று தெரியாதவர் கையில் அது வெடி. அன்றாட ஆங்கிலமும் முழுக்க முழுக்க அப்படித்தான். அந்த மின்னஞ்சலில் உங்களுக்கு நேர்ந்ததும் இதுவே.

அதனால் என் யோசனை, எவ்வளவு வேண்டுமானாலும் புரிந்துகொள்ளுங்கள், மிகக் கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, காதில் விழுந்த தொடர், யார் யாரிடம் சொன்னார், அப்போது என்ன நடந்தது என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். பொருளை உடனே எழுதாதீர்கள். ஒரே தொடரை மூன்று வெவ்வேறு ஆட்களிடமிருந்து கேட்ட பிறகு பொருளை ஊகியுங்கள், பிறகு ஒருவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

அந்த ஒருவரைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் காலையில் நலம் விசாரிக்கும் அந்தத் தோழியே சரியான ஆள் என்று தோன்றுகிறது. தூக்கமின்மை, தலைவலி என்று ஒரு வாரம் நீங்கள் சொன்னதை நின்று கேட்டிருக்கிறாரே, அவருடைய பொறுமைக்கு வேறு சான்று வேண்டுமா? கூட்டத்தின் நடுவே நிறுத்திக் கேட்காதீர்கள், பேச்சு அறுந்துபோகும். பிறகு தனியாகப் பார்க்கும்போது, ‘நேற்று அவள் சொன்னதே, அது என்ன? அதை உன் பாட்டியிடம் சொல்வாயா? பேராசிரியரிடம் சொல்வாயா?’ என்று கேளுங்கள். பாட்டி, பேராசிரியர் என்ற அந்த இரண்டு கேள்விகளும் எந்த அகராதியை விடவும் வேகமாக வேலை செய்யும். தன் மொழியை விளக்கச் சொன்னால் யாருக்குமே பிடிக்கும், கேட்டால் மட்டமாக நினைப்பார்கள் என்ற உங்கள் பயத்தைப் பலரிடமும் பார்த்திருக்கிறேன், அது உண்மையான சந்தர்ப்பம் குறைவு.

எழுத்தில் சரிபார்க்க வேண்டுமானால் கற்போருக்கான அகராதிகளின் இணையதளங்களுக்குப் போங்கள், கேம்பிரிட்ஜ், காலின்ஸ் போன்றவற்றில் சொல்லுக்குப் பக்கத்திலேயே பேச்சு வழக்கு, புண்படுத்தும் சொல், பிரிட்டன், அமெரிக்கா என்று குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்புதான் உங்களுக்கு முக்கியம், பொருள் அப்புறம். 1999 முதல் ஓடும் அர்பன் டிக்‌ஷனரியில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், புதுச் சொல்லை முதலில் பிடிப்பதும் அதுதான், பாதிக்குப் பாதி விளையாட்டுக்கு எழுதியதும் அதில்தான். அங்கே படித்ததை அப்படியே வாயில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உடனே பயன்படுத்தக்கூடியவை கொஞ்சம் இருக்கின்றன: ‘ஃபேர் இனஃப்’, ‘நோ வொரிஸ்’, ‘சவுண்ட்ஸ் குட்’, எது என்றாலும் எனக்குச் சரி என்பதற்கு ‘ஐயம் ஈஸி’, நன்றிக்குச் ‘சியர்ஸ்’. இவை யாரையும் புண்படுத்தாது, எந்த இடத்திலும் தடுமாறாது. பேருந்து ஓட்டுநர் உங்களை ‘லவ்’ என்று கூப்பிடுவார், இன்னோர் ஊரில் ‘டக்’ என்பார்கள், நியூகாசில் பக்கம் ‘பெட்’ என்பார்கள். சிரித்து வாங்கிக்கொள்ளுங்கள், திருப்பிக் கொடுக்க வேண்டாம், உள்ளூர் வாயில் அது பாசம், நம் வாயில் அது நடிப்பாகக் கேட்கும். கெட்ட வார்த்தைகளும் அப்படியே. எல்லாம் புரிய வேண்டும், எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஓர் இனத்தார், ஒரு சமூகத்தார் தங்களுக்குள் மட்டும் சொல்லிக்கொள்ளும் சொற்கள் சில உண்டு, அவற்றை நட்பின் பேரால்கூடத் தொடாதீர்கள், அங்கே ‘எனக்குப் பொருள் தெரியாது’ என்ற சமாதானம் எடுபடாது.

லண்டன் இளைஞர்கள் எந்த வாக்கியத்தின் முடிவிலும், ‘இஸின்ட் இட்’ தேய்ந்து வந்த ‘இன்னிட்’ போடுவதைக் கேட்டிருப்பீர்கள். இலக்கணப்படி ஆங்கிலத்தில் இந்த ஒட்டு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மாற வேண்டும், அவர்கள் மாற்றுவதில்லை. நாமும் ‘நீ வர்றல்ல?’, ‘அது நேத்துதானே, இல்ல?’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே ‘இல்ல’ போடுகிறவர்கள்தானே. அந்தப் பழக்கத்தில் எல்லா வாக்கியத்துக்கும் ‘இஸின்ட் இட்’ போட்டதற்குப் பள்ளியில் அடி வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அங்கே அது இப்போது நாகரிகம்.

நம் ஊர் ஆங்கிலத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். ‘எனக்கு ஒரு டவுட்’ என்று வகுப்பில் கையைத் தூக்கினால், சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று பேராசிரியர் எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு, ‘கொஸ்டின்’ என்று சொல்லுங்கள். கல்லூரியை முடித்த ஆண்டைச் சொல்ல ‘பாஸ்ட் அவுட்’ என்றால் மயங்கி விழுந்த கதை என்று நினைப்பார்கள். ஒன்றை முன்கூட்டியே வைப்பதற்கு நாம் சொல்லும் ‘ப்ரீபோன்’ பலருக்குப் புரியாது. இவை தப்பு என்று நான் சொல்லவில்லை, கோடிக்கணக்கானவர்கள் பேசும் ஆங்கிலத்தின் ஒரு வகை அது, நமக்குள் பேசும்போது தாராளமாகப் புழங்குங்கள். அங்கே மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

உச்சரிப்பும் கேலியும்

உச்சரிப்பை மாற்றும் வகுப்பு வேண்டாம். லிவர்பூல்காரர், நியூகாசில்காரர், கிளாஸ்கோகாரர் மூவரும் மூன்று விதமாகப் பேசும் தேசத்தில் எந்த உச்சரிப்புக்கு மாறப் போகிறீர்கள்? கேட்பவருக்குத் தெளிவாகப் புரிந்தால் போதும். அதற்கு இரண்டு விஷயத்தில் கவனம் வைத்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும். ஒன்று, ‘வைன்’, ‘வைன்’ என்று நாம் ஒரே மாதிரி சொல்லும் மதுவும் கொடியும் அவர்களுக்கு இரண்டு ஒலி, மதுவுக்கு உதடு குவிய வேண்டும், கொடிக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். இரண்டு, சொல்லுக்குள் அழுத்தம் விழும் இடம். ‘டெவலப்’ என்பதில் அழுத்தம் இரண்டாம் அசையில், நாம் முதலில் போடுவோம். தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது என்பதால் இது நம் காதில் விழுவதே இல்லை.

இனி, உங்களை நடித்துக் காட்டுபவர். பிரிட்டனில் நண்பர்களுக்குள் காலை வாருவது சகஜம், யாரையும் கிண்டல் செய்யாத வீட்டை விட எல்லாரும் எல்லாரையும் கிண்டல் செய்யும் வீடுதான் அங்கே நெருக்கமான வீடு. அதனால் இதை உடனே அவமதிப்பு என்றும் சொல்ல மாட்டேன், சும்மா விளையாட்டு என்றும் சொல்ல மாட்டேன். மற்ற மூவரும் இதே அளவு வாங்கிக் கட்டிக்கொள்கிறார்களா, நீங்கள் அவரைத் திருப்பிக் கிண்டல் செய்ய முடிகிறதா, நிறுத்து என்றால் நிறுத்துகிறாரா என்று பாருங்கள். மூன்றாவதை நீங்கள் இன்னும் சோதிக்கவே இல்லை, சேர்ந்து சிரித்துவிட்டீர்கள். சிரித்ததால் சம்மதம் கொடுத்ததாக ஆகாது, ஆனால் உங்களுக்கு வலிக்கிறது என்பது அவருக்குத் தெரியவும் வழியில்லை. அடுத்த முறை சிரிக்காமல், குரலை உயர்த்தாமல், ‘கேன் யூ நாட்?’ என்று மட்டும் சொல்லுங்கள், ‘இது வேண்டாமே’ என்று பொருள். மூன்றே சொல்தான், மரியாதையும் போகாது, எல்லோருக்கும் புரியும்.

அதன் பிறகும் தொடர்ந்தால் அது வேறு கதை. 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் இனம் என்பதற்குள் நிறம், தேசியம், பிறந்த நாட்டு வழி எல்லாம் அடங்கும். உச்சரிப்பு என்று தனியாக அதில் இல்லை, ஆனால் உச்சரிப்பைக் கேலி செய்வது உங்கள் இனத்தோடு சேர்ந்து வந்து, கண்ணியத்தைக் குலைத்து, இருக்குமிடத்தைச் சகிக்க முடியாததாக்கினால் அதைத் தொல்லை என்று முறையிட இடமுண்டு. அந்தச் சட்டம் நேரடியாகக் கட்டுப்படுத்துவது பல்கலைக்கழகம், வேலை கொடுப்பவர் போன்றோரைத்தான். சக மாணவர் விஷயத்தில் பல்கலைக்கழகத்தின் நடத்தை விதிகள் வழியாகப் போவதே நடைமுறை. தேதி, சொன்ன சொல், கூட இருந்தவர்கள், இந்த மூன்றையும் இப்போதே குறித்து வையுங்கள். மாணவர் சங்கத்தின் ஆலோசனை மையத்தில் கட்டணமில்லை, புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, பேசிப் பார்க்க மட்டும்கூடப் போகலாம். புகார் கொடுத்தால் விசாவுக்கு ஆபத்து என்று எழுதியிருக்கிறீர்கள், உண்மையான புகார் கொடுத்ததற்காக யாருடைய மாணவர் விசாவும் ரத்தாவதில்லை.

வீடு மாறலாமா?

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்தப் பருவம் முடியும்வரை மாற மாட்டேன். பல்கலைக்கழகக் குடியிருப்பு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கானவை. நடுவில் போனால், உங்கள் இடத்துக்கு வேறு ஒருவர் வரும்வரை வாடகை உங்கள் தலையில் இருக்கலாம், ஒப்பந்தத்தைப் படிக்காமல் பெட்டி கட்டாதீர்கள். அதைவிட முக்கியம், அன்றாட ஆங்கிலம் ஒரே சிலரை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பார்ப்பதில்தான் படிகிறது, அப்படி ஓர் இடம் உங்களுக்குச் சும்மாவே கிடைத்திருக்கிறது. மாணவர் விசாவில் வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணிநேரம்வரை வேலை செய்யலாம், முடிந்தால் ஆட்கள் வந்துபோகும் ஏதாவது ஒரு வேலையில் நாலைந்து மணிநேரம் இருங்கள், ஒரே பேச்சை நூறு பேர் நூறு விதமாகப் பேசுவதைக் கேட்கலாம். ஆனால் அந்தக் கேலி நிற்காமல் போனாலோ சாப்பிடவே சமையலறைக்குப் போகத் தயங்கும் நிலை வந்தாலோ இந்த யோசனையைத் தூக்கிப் போட்டுவிட்டு மாறுங்கள், ஆங்கிலம் அதற்குமேல் பெரிதில்லை. தமிழ்த் தோழிகள் வீட்டுக்கு வார இறுதியில் போங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். நாள் முழுக்க வேற்றுமொழியில் கேட்டுக் களைத்த மூளைக்கு அந்த இரண்டு நாள் அவசியம்.

இப்போது அந்தக் கடைசி வரி. உண்மையிலேயே உடம்போ மனசோ சரியில்லை என்றால் எப்படிச் சொல்வது? ‘யூ ஆல்ரைட்?’ வழக்கம்போல வரும். அன்றைக்கு மட்டும் ‘யா’ என்று சொல்லாமல், நின்று, ‘நாட் கிரேட், ஆக்சுவலி’ என்று சொல்லுங்கள். தலைவலியை விவரிக்க வேண்டாம், தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம், அந்த மூன்று சொல் போதும். அந்தத் தோழி கையிலிருக்கும் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அதன் பிறகு அவர் கேட்பது கேள்விதான், அதற்கு முழு பதிலும் சொல்லலாம்.